தப்பு சொல்லாத மெஷின்

பம்பாயில் எங்கள் செம்பூர் கட்டிடத்து வாட்ச்மேன், மூன்றாம் மாடி மாமாவை வந்த நாளிலிருந்து "குல்கர்ணி சாப்" என்றுதான் கூப்பிட்டுவந்தார். மாமாவுக்கும் குல்கர்ணிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். சில வருஷங்களில் சொசைட்டி நோட்டீஸ் போர்டிலும் குல்கர்ணி ஏறியது. கணபதி உற்சவத்துக்கு மராட்டிக்காரர்கள் தங்கள் ஆள் என்று நினைத்து அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவரும் போய் உட்கார்ந்து ஆரத்திக்குக் கை தட்டிவிட்டு வந்தார்.

"மாமா, அது உங்க பேர் இல்லையே, சொல்லக்கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவருக்குப் பழகிடுத்து பாவம். அதுவும் நல்ல பேர்தானேப்பா" என்றார்.

ஆகவே இங்கே அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எதை எழுதினாலும் திரும்பிப் பார்த்திருப்பார்.

எண்பதுகளின் நடுவில் நான் ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க். இரண்டாம் மாடியில் அப்பா அம்மாவுடன் குடியிருப்பு. தமிழை அப்போது எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இன்று இப்படி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்துவிட்டு, "அப்படியும் எழுதலாம்" என்று சொல்லியிருப்பார்.

அதுதான் அவருடைய வாக்கியம். கேரம் ஆடும்போது ஸ்ட்ரைக்கரை விட்டுவிட்டுக் காயையே விரலால் குழிக்குள் தள்ளினேன் ஒரு முறை. போர்டை உற்றுப் பார்த்தார். "அப்படியும் ஆடலாம்." சலூனில் ஒரு பக்கக் கிருதாவைக் காதுக்கு மேலும் மறு பக்கத்தைக் காதுக்குக் கீழும் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தலையோடு கம்பெனிக்குப் போய் வந்தார், முடி வளர்ந்து சமமாகும்வரை. தாதர் போகவேண்டும் என்று ஏறிய டாக்ஸி நேர் எதிர்த் திசையில் காட்கோபருக்குப் போய் நின்றது. மாமா கீழே இறங்கி சுற்றிலும் பார்த்து, "காட்கோபர் வந்து ரொம்ப நாளாச்சு" என்று டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பஸ் பிடித்துத் தாதர் போனார். யாரிடமும் எதையும் "தப்பு" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கூச்சமா, பயமா, சுபாவமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்டவரை ஒரு ரேடியோ கம்பெனியில் சோதனைப் பிரிவில் போட்டிருந்தார்கள். வருகிற ரேடியோவைப் பாடவைத்துப் பார்த்து, சரியில்லாததன் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை. மாமாவால் ஒட்ட முடியவில்லை. ஒட்டினால் அதன் பாகங்களைப் பூட்டிய பெண்ணை சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்பார். அதனால் கரகரக்கிற ரேடியோக்களை எல்லாம் தன் மேஜைக்கு அடியில் சேர்த்துவைத்து, சாப்பாட்டு நேரத்தில் தானே பற்றவைத்துச் சரி செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். சிவப்பு ஸ்டிக்கர் கட்டு பிரிக்காமலே இருப்பதைப் பார்த்து மேனேஜருக்குச் சந்தேகம் வந்தது.

"உங்க கிட்ட மட்டும் ஒரு ரிஜெக்டும் இல்லையே, எப்படி?"

"எல்லாரும் முயற்சி பண்றா சார்" என்றாராம் மாமா.

அங்கிருந்து எடுத்து ஒரு மூலை அறையில் போட்டார்கள். அங்கே கம்பெனி வாங்கிவைத்து யாரும் தொடாத ஒரு மைக்ரோபிராசசர் பலகை இருந்தது. பச்சைப் பலகை, கால்குலேட்டர் போலப் பொத்தான்கள், மேலே சிவப்பாக ஒளிரும் நாலைந்து எண்கள். திரையெல்லாம் கிடையாது. என்ன செய்யவேண்டும் என்பதை முழுக்க எண்களாக மாற்றி, ஒவ்வொன்றாக அழுத்தி அதற்குச் சொல்லவேண்டும். நடுவில் ஒரு எண் மாறினால் மெஷின் பேசாமல் நின்றுவிடும். மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் முதல் முறையாகத் தன்னைப் போலவே ஒருத்தரைச் சந்தித்திருந்தார். புதுப் பலகை வந்ததும் பழையதை அவருக்கே கொடுத்துவிட்டார்கள், வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

மாமியைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். மாமி எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். என் மீசையைப் பற்றி அவர் ஒரு தடவை சொன்னதைக் கேட்டுத்தான் மறுநாள் எடுத்தேன். நன்றாகப் பாடுவார். காலையில் மேல்வீட்டு ஜன்னல் வழியாக வரும் பாட்டைக் கேட்டுத்தான் என் அம்மா காபி கலப்பார். பாட்டு நிற்பதற்குள் கலந்தால் சரியான பதம் என்று ஒரு கணக்கு.

மாட்டுங்காவில் ஒரு பாட்டுப் போட்டி. மாமி கலந்துகொண்டார். அங்கே டிபன் உண்டு என்று கேள்விப்பட்டு நானும் கூடப் போயிருந்தேன். மாமி சரணத்தில் நன்றாக ஊன்றிப் பாடிக்கொண்டிருக்கும்போது, நடுவர் மேஜையில் டிங்கென்று மணி அடித்தது. மாமி அந்தச் சொல்லிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டார். நேரம் முடிந்த மணியா, வேறு எதற்கோ அடித்த மணியா, காபி டம்ளரை எடுக்கும்போது நடுவரின் கை பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்த மாமா எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் நடுவரைத் தப்பு சொன்னது போல ஆகிவிடும். உட்கார்ந்தே இருந்தார்.

டபுள் டெக்கர் பஸ்ஸில் மேல்மாடியில் திரும்பி வந்தோம். சயான் வந்ததும் மாமி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் தப்பாப் பாடினேனா?"

மாமா சுனாபட்டி வரை யோசித்தார். நான் பின் சீட்டில் வடைப் பொட்டலத்தோடு இருந்தேன். சொல்லிவிடாதீர்கள் மாமா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். சொல்லிவிட்டார்.

"அப்படியும் பாடலாம்."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் என் கேரம் ஆட்டத்தைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். மாமிக்கும் அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். மறுநாள் ஸ்ருதிப் பெட்டி அலமாரி மேல் ஏறியது. மேல்வீட்டு ஜன்னலில் பாட்டு நின்றது. என் அம்மாவின் காபி பதம் கெட்டது.

அடுத்து வந்த நவராத்திரிகள்தான் சங்கடம். கொலுவுக்கு வருகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். தாங்கள் ஒன்று பாடுவார்கள், பிறகு வீட்டுக்காரியைப் பார்த்து, "நீங்க ஒண்ணு பாடுங்கோளேன், எவ்வளவு நன்னாப் பாடுவேள்" என்பார்கள். ஒரு வருஷம் தொண்டை என்று மாமி சமாளித்தார். அடுத்த வருஷம் நடுக் கொலுவில் பொம்மைகளை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு டோம்பிவிலியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது வருஷம் சித்திரையிலேயே அறிவித்துவிட்டார்.

"இந்த வருஷம் கொலு கிடையாது. இனிமே என்னிக்கும் கிடையாது. வரவா எல்லாம் பாடு பாடுங்கறா."

மாமா அதற்கு அப்படியும் வைக்கலாம் இப்படியும் வைக்கலாம் என்று ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயந்திரம் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"வரவா கைக்கு ஒரு வேலை குடுத்துட்டா, வாய் சும்மா இருக்கும் இல்லையா?" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் அந்த விளையாட்டு. நாலு பொத்தான், நாலு விளக்கு, நாலு ஸ்வரம். மெஷின் ஒரு விளக்கை ஏற்றி ஒரு ஸ்வரம் வாசிக்கும். நாம் அதே பொத்தானை அழுத்தவேண்டும். சரியாக அழுத்தினால் அதே ஸ்வரத்தோடு இன்னொன்றைச் சேர்த்து வாசிக்கும். அப்புறம் மூன்று, நாலு என்று வால் நீளும். ஞாபகம் இருக்கும்வரை ஆடலாம்.

மாமியின் பழைய வட்ட அஞ்சறைப் பெட்டிதான் அதன் உடம்பு. மூடியில் ஓட்டை போட்டு, நாலு கிண்ணங்களில் கிண்ணத்துக்கு ஒன்றாகத் தீபாவளி சீரியல் செட் பல்புகளைக் கலர் காகிதம் சுற்றி வைத்தார். யாரோ பூட்டி, மாமாவால் ரிஜெக்ட் செய்யமுடியாத ஒரு ரேடியோவின் ஸ்பீக்கர். பல்பு சூடானால் லேசாக வெந்தய வாசனை வரும்.

ஸ, க, ப, மேல் ஸ என்று ஸ்வரங்கள். ஒரு எண்ணைக் கூட்டினால் ஸ்வரம் இறங்கும், குறைத்தால் ஏறும். எந்த ஸ்ருதியில் வைப்பது என்றபோது மாமா தயங்கவில்லை. மாமி காய் வாங்கப் போன நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறி ஸ்ருதிப் பெட்டியை இறக்கினார். நான் துருத்தியை அமுக்கிக்கொண்டே பால்கனி வழியாகத் தெருவையும் காவல் காத்தேன். இரண்டு வேலையும் சேர்ந்தாற்போல் வராததால் ஸ்ருதி விட்டுவிட்டு வந்தது.

"வேற ஸ்ருதி ஏதாவது சுலபமா இருக்கே மாமா?"

"எனக்கு இது ஒண்ணுதான் பழக்கம்" என்றார்.

பலகையில் ஒரு குறை. கரண்ட் போனால் சொன்னதெல்லாம் மறந்துவிடும். பம்பாயில் கரண்ட் போவதில்லை, ஆனால் மாமி தேங்காய் அரைப்பதுண்டு. பலகையின் பிளக்கைப் பிடுங்கி மிக்ஸியைச் சொருகிவிடுவார், ஒரு வாரத்து வேலை சட்னியோடு போய்விடும். "தேங்காய் அரைக்கணுமே" என்று மாமா முதலிலிருந்து அழுத்த ஆரம்பிப்பார். கடைசியில், கரண்ட் போனாலும் மறக்காத ஒரு சிப்பில் கம்பெனியிலிருந்து எழுதிக்கொண்டுவந்தார். அதை மாற்றி எழுத வேண்டுமானால் முதலில் வெயில் காட்டி அழிக்கவேண்டும். மே மாதம், மொட்டைமாடியில் என் அம்மா ஜவ்வரிசி வடாம் காயப்போட்டிருந்த வேஷ்டியின் ஓரத்தில் அதையும் வைத்தார். வடாம் எடுக்கப் போன அம்மா, கறுப்பாக இரண்டு பக்கமும் கால்களோடு ஒன்று கிடப்பதைப் பார்த்து, பூரான் என்று துடைப்பத்தால் நாலு சாத்து சாத்திவிட்டார்.

கால்கள் பிய்ந்த சிப்பை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமா அதைத் திருப்பிப் பார்த்தார். "கால் இருந்தா அப்படித்தான் தோணும்" என்றார். மறுநாள் கம்பெனியிலிருந்து இன்னொரு சிப்பில் எழுதிக்கொண்டுவந்தார்.

மெஷினைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று பெருமையாகத்தான் கேட்டேன்.

"கெட்டிக்காரா யார் வேணா ஆடிடுவா. எல்லாரும் ஆடணும் இல்லையா" என்றார். இதை விட மரியாதையாக என்னை யாரும் முட்டாள் என்று சொன்னதில்லை.

நான் நாலாவது ஸ்வரத்தைத் தாண்டியதே இல்லை. தவறாக அழுத்தினால் பேஏஏ என்று ஒரு சத்தம் வரவேண்டும், அப்போதுதான் விளையாட்டு என்று நான் யோசனை சொன்னேன். மாமாவும் அந்தச் சத்தத்தை எழுதினார். ஒரே ஒரு தடவை வாசித்தது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மாமா அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டார்.

"மெதுவா வைக்கலாமே மாமா."

"மெதுவாச் சொன்னாலும் அதையேதானே சொல்லும்."

"பின்னே தப்பா அழுத்தினா?"

"மறுபடி முதல் ஸ்வரத்துலேர்ந்து வாசிச்சுக் காட்டட்டும். அவாளே புரிஞ்சுப்பா."

யாரும் புரிந்துகொள்ளவில்லை. மாமி அரை மனசோடு படி கட்டிக் கொலு வைத்தார். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி. வந்த மாமிகள் எல்லோரும் அழுத்தினார்கள், எல்லோரும் தோற்றார்கள், மெஷின் முதலிலிருந்து வாசித்ததும் ஜெயித்துவிட்டதாக நினைத்து எழுந்தார்கள். மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு மாமி இது மோகனம் என்றார். இன்னொருவர் நாலு ஸ்வரத்தை வைத்து எப்படிச் சொல்வது, ஹம்சத்வனியாகவும் இருக்கலாமே என்றார். இரண்டு பேரும் மாமாவைப் பார்த்தார்கள். "அப்படியும் வச்சுக்கலாம்" என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். சண்டையில் நேரம் போய், சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மாமியைப் பாடச்சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை. மாமா நினைத்தது நடந்துவிட்டது.

ஆனால் சுண்டலில் நாளுக்கு நாள் உப்பு ஏறியது. சமையலறையில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. என் நாக்கு ஒன்றுதான் அந்த வீட்டில் எதையும் உடனே கண்டுபிடிக்கும்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் சாயந்திரம். கூடம் நிறையப் பெண்கள். நான் பெட்டியின் முன் உட்கார்ந்து, இவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்று கொஞ்சம் அலட்டலாகவே அழுத்தினேன். நாலாவதில் வழக்கம்போல மாற்றி அழுத்த, மெஷின் முதலிலிருந்து வாசித்தது.

"பேஷ்" என்றார் மாட்டுங்கா மாமி.

"தப்பு" என்றது சமையலறை.

எல்லோரும் திரும்பினார்கள். மாமி கரண்டியோடு வாசலில் நின்றார்.

"என்ன பேஷ்? நாலாவது மேல் ஸ, இவன் பஞ்சமத்தை அழுத்தறான். ஏழு நாளா வரவா போறவா எல்லாம் மாத்தி மாத்தி அழுத்திண்டிருக்கா, இது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாம திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து வாசிக்கறது. பண்ணினவர் மாதிரியே பண்ணி வச்சிருக்கார்."

மாமா தரையைப் பார்த்தார்.

"என் கை ஈரம். நான் சொல்றேன், நீ அழுத்துடா" என்றார் மாமி.

ஆரம்பத்தில் சொல்லத்தான் செய்தார். ஸ, ப, க, மேல் ஸ. நான் அழுத்தினேன். ஆறு, ஏழு என்று நீண்டபோது சொல்லி மாளவில்லை. சொல்வது தானாகவே இழுபட்டுப் பாட்டாயிற்று. மெஷினும் அவர் ஸ்ருதியிலேயே இருந்ததால் எது பெட்டி எது மாமி என்று தெரியாத மாதிரி இழைந்தது. பத்து தாண்டியது. மாட்டுங்கா மாமி சுண்டல் மென்றுகொண்டிருந்தவர் மெல்வதை நிறுத்திவிட்டார். மேலே மேலே என்று போய், பதினாறாவதையும் மாமி பாடி நான் அழுத்தி முடித்தேன். அடுத்து பதினேழு வரவேண்டும்.

மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு சாந்தமாக முதல் ஸ்வரத்திலிருந்து ஆரம்பித்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று மாமியே சற்று முன்தான் எல்லோருக்கும் விளக்கியிருந்தார். மாமியின் கரண்டி கீழே இறங்கியது.

"நான் தப்பாப் பாடினேனா?" என்றார். பஸ்ஸில் கேட்ட அதே குரல். இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தார்.

மாமாவின் உதடு "அப்" என்று குவிந்தது. "நான்தான் மாத்தி அழுத்திட்டேன் மாமி" என்று முந்திக்கொண்டேன். என் சரித்திரம் தெரிந்த யாரும் அதை நம்பியிருப்பார்கள்.

"இல்லை, இவன் இன்னிக்குத்தான் சரியா அழுத்தினான்" என்றார் மாமா. பிறகு தலையைத் தூக்கி மாமியைப் பார்த்தார். "தப்பு."

மாமி அசையவில்லை.

"மெஷின் தப்பு. அது என்ன பண்ணும், நான் எழுதினது தப்பு. பதினாறுக்குத்தான் அதுல இடம் விட்டிருக்கேன். இவன் நாலைத் தாண்டினதில்லை. இவனை விட நாலு மடங்கு கெட்டிக்காரா வந்தாலும் போறும்னு நினைச்சுட்டேன். பதினேழுக்குப் போக அதுக்குத் தெரியாது. நீ பாடினது பூராவும் சரி."

மூச்சு வாங்கிக்கொண்டார். ஆரம்பித்ததை முடித்துவிடுவது என்று இறங்கிவிட்டார் போல.

"அன்னிக்கும் சரி. அந்த மணிதான் தப்பு."

எந்த மணி என்று கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. எங்கள் மூன்று பேருக்குத் தெரியும்.

"இதை பஸ்லயே சொல்லியிருக்கலாம். இத்தனை வயர் வேண்டியிருந்திருக்காது" என்றார் மாமி.

அந்த நேரம் பார்த்து அஞ்சறைப் பெட்டி மரியாதையாக இன்னொரு முறை முதல் ஸ்வரத்தை வாசித்தது. மாமா அதன் பக்கம் திரும்பி, "சும்மா இரு" என்றார். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எட்டி பிளக்கைப் பிடுங்கினார்.

மாமி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பொம்மைகளுக்கு முன் உட்கார்ந்தார். யாரும் பாடச்சொல்லவில்லை. ஸ்ருதிப் பெட்டியை இறக்க நான் ஸ்டூலைத் தேடுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். பல்லவி இல்லை, அனுபல்லவி இல்லை. மாட்டுங்காவில் மணி அடித்தபோது எந்தச் சொல்லில் விட்டாரோ, சரணத்தின் அந்தச் சொல்லிலிருந்து.

மாட்டுங்கா மாமி முகத்தைச் சுளித்து மாமாவின் பக்கம் சாய்ந்தார். "என்ன இது, நடுவுலேர்ந்து பாடறா?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்படியும் பாடலாம்" என்றார்.